எழுபத்தாறு காலி வட்டங்கள்

பதினோராவது மாதிரித் தேர்வின் முடிவு
பாளை பஸ் ஸ்டாண்டில் நிற்கையில் வந்தது.
பேச்சிச்செல்வி மு., இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு.
பத்தாவதில் முந்நூற்றிரண்டு.
ஒன்பதாவதில் இருநூற்றுத் தொண்ணூற்றாறு.
ஒரே படியில் ஏறி
ஒரே படியில் இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

பட்டியலில் மேலே, வெகு மேலே
ஷமீலா, அறுநூற்று நான்கு.
விரலால் தள்ளித் தள்ளித்தான் அவளிடம் போக முடிகிறது.
நேற்று முட்டை பப்ஸில் பாதி பிய்த்துத் தந்தவள்.
அவளை வெறுத்துப் பார்த்தேன்.
வண்ணார்பேட்டை தாண்டுவதற்குள்
அதுவும் எனக்கு வரவில்லை.

கொக்கிரகுளம் பாலம்.
அமலைச்செடிக்கு அடியில் எங்கோ
ஆறு ஓடுவதாகப் பேர்.
சித்திரை வெயில்.
பக்கத்தில் நின்றவர் செருப்பைக் கழற்றிவிட்டுக்
கும்பிட்டுக்கொண்டார். நான் கும்பிடவில்லை.

பேட்டை கேட் செங்கோட்டை ரயிலுக்காக மூடிக் கிடந்தது.
இலவச டிக்கெட்டின் முதுகில் கணக்குப் போட்டேன்.
சரி எண்பத்தாறு.
தவறு நாற்பத்தாறு.
விட்டது நாற்பத்தெட்டு.
ரயில் போயிற்று. கணக்கு அப்படியேதான் இருந்தது.

முக்கூடலில் அம்மா
மடியில் தட்டோடு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.
"எத்தனைட்டி?"
"முந்நூறு கிட்ட."
"கிட்டன்னா?"
"ரெண்டு கம்மி."
"ரெண்டுதானா! எனக்கு நேத்து கடையில
முப்பது பீடியக் கழிச்சிட்டான் பாவி."
சிரித்துவிட்டு அடுத்த இலையை எடுத்தாள்.
ஓட்டை இலையைச் சத்தமில்லாமல் ஓரமாகப் போட்டாள்.
இதில் எனக்குப் பாடம் ஒன்றும் இல்லை.
அவளுக்கு இடுப்பு வலி, அவ்வளவுதான்.

அதே பட்டியல் அப்பாவுக்கும் போகும்,
நெய்யாற்றின்கரையில் ஒரு புரோட்டாக் கல்லடிக்கு.
எல்லா மார்க்குக்கும் ஒரே கட்டைவிரல் அனுப்புவார்.
மொத்தம் எவ்வளவு என்று அவர் கேட்டதில்லை.
நான் சொன்னதும் இல்லை.
முந்நூறுக்குத்தான் என்று நினைத்தாரோ என்னவோ.

ராத்திரி வினாத்தாளை விரித்தேன்.
அதைத் திறந்து பார்ப்பது
புண்ணில் ஒட்டிய துணியை எடுப்பது மாதிரி.
நாற்பத்தாறில் பதினொன்று,
முதலில் சரியாக நினைத்து அப்புறம் மாற்றியவை.
ஒன்பது, 'தவறான கூற்று எது' என்பதில்
'தவறான' என்பதைப் படிக்காமல் விட்டவை.
மிச்சம் இருபத்தாறு
வெறும் பயம்.
வட்டம் காலியாகக் கிடந்தால்
யாராவது எட்டிப் பார்த்துவிடுவார்கள் என்று
பேனாவால் வாசலை அடைத்திருக்கிறேன்.
ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு மார்க் கொடுத்திருக்கிறேன்.

மறு ஞாயிறு, பன்னிரண்டாவது.
தெரியாததன் மேல் கை வைக்காமல் இருக்க
இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டேன்.
கை அரித்தது. மின்விசிறி கிறீச்சிட்டது.
முன்பெஞ்சுப் பையன் விடாமல் கறுப்படித்துக்கொண்டிருந்தான்.
எழுபத்தாறு வட்டங்களை
திறந்த வாயோடு அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.
இவை எனக்குத் தெரியாது என்று
ஒரு தாளிடம் முதல்முறையாகச் சொன்னேன்.

சரி எண்பத்து மூன்று. தவறு இருபத்தொன்று.
முந்நூற்றுப் பதினொன்று.
சரியானதில் மூன்று குறைந்து
மார்க்கில் பதின்மூன்று கூடியிருந்தது.
இதை வைத்து ஒரு கல்லூரிக்கும் போக முடியாது,
எனக்குத் தெரியும்.
இன்னும் பத்தொன்பது நாள்தான்.
எழுபத்தாறில் நாற்பதையாவது படித்துவிடலாம் என்று
ஷமீலா சொல்கிறாள்.
முப்பது என்கிறேன் நான்.

அப்பாவிடமிருந்து கட்டைவிரல் வந்தது.
கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு
'மொத்தம் எழுநூற்றிருபது அப்பா' என்று அனுப்பினேன்.
படித்துவிட்டார், கோடு நீலமானது.
எழுதுகிறார் என்று காட்டியது.
நின்றது.
மறுபடி எழுதுகிறார் என்றது.

அவரும்
அதைக் காலியாகவே விட்டார்.